ஐஸ்லாந்தின் ஆசாட்ரூ சமூகம்: பண்டிகைகளும் கூடி வாழ்தலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடின், தோர், ஃப்ரேயா ஆகிய பெயர்கள் திரைப்படங்கள் வழியாகவும் காமிக்ஸ் வழியாகவும் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டன. அந்தத் தெய்வங்களுக்கு இன்றைக்கும் வழிபாடு நடத்தும் ஒரு சமூகம் ஐஸ்லாந்தில் இருக்கிறது என்று சொன்னால் பலரும் வியக்கிறார்கள், பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தச் சமூகத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. அதை மறைக்காமலே எழுதுகிறேன்.

ஆசாட்ரூ என்றால் என்ன?

கிறிஸ்தவம் வருவதற்கு முன் வட ஐரோப்பாவில் இருந்த தெய்வ வழிபாட்டை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் கையில் எடுத்தவர்களின் சமயம் இது. பல நாடுகளில் இப்படிப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று கொள்கையில் வெகுதூரம் விலகியவையும் உண்டு. இந்தப் பக்கம் பேசுவது ஐஸ்லாந்தின் ஆசாட்ரூ சங்கத்தைப் பற்றி மட்டுமே. அரசு அங்கீகாரம் பெற்ற இந்தச் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 2020களின் தொடக்கத்தில் 5,000ஐத் தாண்டியது. நாட்டின் மொத்த மக்கள் தொகையே நான்கு லட்சத்துக்கும் குறைவு என்பதை நினைவில் வைத்தால், இது அங்கே கண்ணில் படக்கூடிய எண்ணிக்கைதான்.

சங்கம் எப்படித் தொடங்கியது?

1972 ஏப்ரல் 20, ஐஸ்லாந்தின் பழைய நாட்காட்டிப்படி கோடையின் முதல் நாள். அன்று ரெய்க்யவிக் நகரின் ஹோட்டல் போர்க்கில் 12 பேர் கூடிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தலைவராக ஸ்வேன்பியோர்ன் பெயின்டெயின்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஆடு வளர்க்கும் விவசாயி, மரபுக் கவிஞர். ரீமூர் எனப்படும் பழைய கதைப்பாடல்களை ராகத்தோடு பாடுவதில் பெயர் பெற்றவர். நீண்ட வெண்தாடியும் மெதுவான பேச்சுமாக 1993 டிசம்பரில் இறக்கும் வரை அவரே தலைவராக இருந்தார்.

சங்கம் தொடங்கிய 1972ஆம் ஆண்டிலேயே, கிறிஸ்துமஸுக்குச் சற்று முன், அங்கீகாரம் கேட்டு அமைச்சரைப் பார்க்கப் போனார்கள். முதலில் அமைச்சருக்கு இது விளையாட்டாகப் பட்டிருக்கிறது. அவர்கள் திரும்பிய சிறிது நேரத்தில் ரெய்க்யவிக்கில் இடியும் மின்னலும் வந்து நகரின் மையப் பகுதியில் மின்சாரம் போனது. இடிக்கு அதிபதி தோர். ஆகவே பத்திரிகைகள் இதை விடவில்லை. நாட்டின் பிஷப் எதிர்ப்புத் தெரிவித்தார். ஆனால் அரசியலமைப்புச் சட்டம் சமயச் சங்கங்கள் அமைக்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தெளிவாகக் கொடுத்திருந்தது. 1973இல் அங்கீகாரம் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஸ்வேன்பியோர்னின் பண்ணையில், கொட்டும் மழையில், தோரின் சிலைக்கு முன்னால் முதல் பொது வழிபாடு நடந்தது.

நடுவில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் இந்த வழிபாடு இல்லையே? இதை எப்படிப் பழைய சமயம் என்கிறார்கள்?

நியாயமான கேள்வி. கி.பி. 1000ஐ ஒட்டி ஐஸ்லாந்தின் பொதுச்சபையான ஆல்திங் கிறிஸ்தவத்தை ஏற்றது. நாடு இரண்டாகப் பிளந்து சண்டை மூளும் நிலை. சட்டம் சொல்லும் தலைவரான தோர்கெயிர் பழைய தெய்வங்களை வணங்குபவர். அவரிடமே இரு தரப்பும் முடிவை விட்டார்கள். அவர் தோல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒரு பகலும் இரவும் கிடந்து யோசித்தார், பிறகு எழுந்து அனைவரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்குள் ரகசியமாகப் பழைய தெய்வங்களுக்குப் படைப்பதற்கும், குதிரை இறைச்சி உண்பதற்கும் முதலில் விலக்கு இருந்தது. சில ஆண்டுகளில் அதுவும் போயிற்று.

வழிபாடு அறுந்தது உண்மை. ஆனால் பாட்டும் கதையும் அறுபடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களே அந்தத் தெய்வப் பாடல்களைக் கன்றுத்தோல் ஏடுகளில் எழுதி வைத்தார்கள். அவற்றில் முதன்மையான ஏடு நூற்றாண்டுக் கணக்கில் டென்மார்க் அரசரிடம் இருந்து, 1971 ஏப்ரலில் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. வரவேற்கத் துறைமுகத்தில் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். சரியாக ஓர் ஆண்டு கழித்துத்தான் இந்தச் சங்கம் பிறந்தது. நாட்டின் மொழியும் பெரிதாக மாறவில்லை என்பதால் அந்தப் பாடல்களை இன்றைய ஐஸ்லாந்துக்காரர்கள் சிறு உதவியோடு படித்துவிடுகிறார்கள். தங்கள் சடங்குகள் அப்படியே பழையவை என்று சங்கத்தார் உரிமை கொண்டாடுவதில்லை. கிடைத்த பாடல்கள், ‘சாகா’ எனப்படும் பழைய உரைநடைக் கதைகள், நாட்டுப்புற வழக்கங்கள் ஆகியவற்றிலிருந்து தாங்கள் கட்டியெழுப்பியவை என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஓடினும் தோரும் உண்மையிலேயே இருப்பதாக நம்புகிறார்களா?

நம்புகிறவர்கள் உண்டு. தெய்வங்களை இயற்கையின் ஆற்றல்களாகக் காண்பவர்களும் மனத்தின் இயல்புகளாகக் காண்பவர்களும் உண்டு. 2003 முதல் தலைமைக் கோதியாக, அதாவது தலைமைப் பூசகராக, இருக்கும் இசையமைப்பாளர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன், ஓடின் கதையில் வருவதுபோல் எட்டுக் கால் குதிரையில் ஒற்றைக் கண் மனிதர் ஒருவர் வலம் வருவதாக எங்களில் யாரும் நம்புவதாகத் தெரியவில்லை, கதைகள் கவிதையாகச் சொல்லப்பட்ட உண்மைகள் என்ற பொருளில் பேசியிருக்கிறார். சங்கத்துக்குக் கட்டாயக் கோட்பாடு எதுவும் இல்லை. பண்டிகை நாளில் யார் வருகிறார்கள், யாரோடு சேர்ந்து உண்கிறார்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்களா என்பவைதான் அங்கே எடைபோடப்படும் விஷயங்கள். நம்பிக்கையைக் கேட்டு யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை.

ப்ளோட் என்கிறார்களே, அதில் என்ன நடக்கிறது?

ப்ளோட் என்பது கூட்டு வழிபாடு. பெரும்பாலும் திறந்தவெளியில், வட்டமாக நின்று நடத்துவார்கள். கோதி, அதாவது பூசகர், முதலில் அந்த இடத்துக்கு அமைதி அறிவிக்கிறார். வந்தவர்கள் யாராக இருந்தாலும், இடையில் என்ன பகை இருந்தாலும், கூட்டம் கலையும் வரை இங்கே சண்டை கிடையாது என்பதே அந்த அறிவிப்பின் சாரம். பழிவாங்கல் கதைகளால் நிரம்பிய ஒரு நாட்டின் வரலாற்றை எண்ணிப் பார்த்தால் இந்த முதல் வரியின் கனம் புரியும்.

அடுத்து ‘எட்டா’ எனப்படும் அந்தப் பழைய தெய்வப் பாடல்களிலிருந்து அந்தப் பருவத்துக்கு ஏற்ற பகுதிகளைச் சொல்வார்கள் அல்லது பாடுவார்கள். பிறகு கொம்பு வரும். மாட்டுக் கொம்பைக் குடைந்து செய்த குடிகலம். அதில் பியர் இருக்கலாம், தேன் மது இருக்கலாம், மது வேண்டாதவர்களுக்கு வேறு பானம் இருக்கலாம். கொம்புக்குத் தட்டையான அடிப்பாகம் கிடையாது. கையில் வாங்கியவர் அதைக் கீழே வைக்க முடியாது, பிடித்தே ஆக வேண்டும், பேசி முடித்து அடுத்தவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும். வாங்கியவர் ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லலாம், இறந்துபோன பாட்டியை நினைக்கலாம், பிறந்த குழந்தைக்கு நன்றி சொல்லலாம். ஒரு வாய் அருந்தி, சிறிது மண்ணில் ஊற்றி, அடுத்தவரிடம் நீட்டுவார். அமைச்சராக இருந்தாலும் மீன் பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளியாக இருந்தாலும் வட்டத்தில் முறை ஒன்றுதான்.

சடங்கு முடிந்ததும் விருந்து. ப்ளோட்டில் விருந்தும் ஒரு பாகம். அதை விட்டுவிட்டுப் போனால் பாதியில் எழுந்து போனதாகத்தான் அர்த்தம்.

விலங்குகளைப் பலி கொடுக்கிறார்களா?

இல்லை. பானமும் உணவுமே படையல்.

ஆண்டின் முக்கியமான பண்டிகைகள் எவை?

பழைய ஐஸ்லாந்து நாட்காட்டிக்கு இரண்டே பருவங்கள்: கோடை, குளிர்காலம். பண்டிகைகள் எல்லாம் இந்த இரண்டைச் சுற்றியே நிற்கின்றன.

கோடையின் முதல் நாள் ஏப்ரல் 19க்கும் 25க்கும் இடைப்பட்ட வியாழக்கிழமையில் வரும். நாடு முழுவதற்கும் அது அரசு விடுமுறை. அன்றைக்கு வெயிலை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், பனி பெய்தாலும் பெய்யும். முந்தைய இரவு உறைபனி விழுந்தால் கோடையும் குளிர்காலமும் ஒன்றாக உறைந்தன, அந்த ஆண்டு பால் வளம் நன்றாக இருக்கும் என்பது ஊர்ப்புற நம்பிக்கை. பார்ப்பதற்காக வாசலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். குழந்தைகளுக்குக் கோடைப் பரிசு கொடுக்கும் வழக்கமும் உண்டு. அங்கே அது கிறிஸ்துமஸ் பரிசைவிடப் பழையது. ஆசாட்ரூ சங்கம் அன்றைக்கு வெற்றி ப்ளோட் நடத்துகிறது. சங்கத்தின் பிறந்தநாளும் அதுவே.

ஜூன் பிற்பகுதியில், கோடையின் பத்தாம் வாரத்து வியாழக்கிழமை, திங்வெட்லிரில் பெரிய ப்ளோட். கி.பி. 930 முதல் ஆல்திங் கூடிய இடம் அது. வட அமெரிக்க, யூரேசிய நிலத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் பூமி பிளந்து கிடக்கும் பள்ளத்தாக்கு. கோதிகள் முன்செல்ல, கறுத்த எரிமலைப் பாறைச் சுவர்களுக்கு நடுவே மக்கள் நடந்து, சட்டப் பாறை இருக்கும் இடத்துக்கு வருவார்கள். மாலையாகியும் வெளிச்சம் குறையாது. அந்த மாதத்தில் நள்ளிரவை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது, அதன் பிறகும் முழு இருட்டு வருவதில்லை. பழைய தெய்வங்களைக் கைவிடுவது என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட அதே இடத்தில் நின்று அந்தத் தெய்வங்களின் பெயரைச் சொல்கிறார்கள். ஆண்டின் எல்லா நாட்களிலும் எனக்கு மிக முக்கியமானதாகப் படுவது இதுதான். தோற்றவர்களின் பேரப்பிள்ளைகள் கோபம் எதுவும் இல்லாமல், அமைதி அறிவித்துவிட்டு, திரும்ப வந்து நிற்கிறார்கள்.

அக்டோபர் பிற்பகுதியில் குளிர்காலம் பிறக்கும்போது ஒரு ப்ளோட். மலையில் மேய விட்ட ஆடுகளைச் செப்டம்பரில் ஊரே சேர்ந்து ஓட்டிவந்து, காதுக் குறி பார்த்துப் பிரித்து, வேண்டியதை இறைச்சியாக்கி முடித்திருக்கும் காலம். பஞ்சமில்லாமல் அடுத்த வசந்தத்தைப் பார்க்க வேண்டும் என்ற வேண்டுதல் அதில் இருக்கும்.

டிசம்பர் 1 நாட்டைக் காக்கும் நிலத்துணைகளுக்கானது. டிராகன், பறவை, காளை, மலை அரக்கன் என்று நான்கு காவலர்கள் நாட்டின் நான்கு பக்கத்தையும் காப்பதாக ஐதீகம். ஐஸ்லாந்தின் அரசு முத்திரையில் நால்வரையும் பார்க்கலாம். 1918இல் ஐஸ்லாந்து இறையாண்மை பெற்ற தேதியும் அதுவே. அன்று பல வட்டாரங்களில் ஒரே நேரத்தில் ப்ளோட் நடக்கும்.

பிறகு யோல். டிசம்பரின் மிகக் குறுகிய நாளில் ரெய்க்யவிக்கில் சூரியன் காலை பதினொன்றரை மணிக்குச் சற்று முன் எழுந்து மூன்றரை மணிக்கெல்லாம் இறங்கிவிடும். ஏறத்தாழ நான்கு மணி நேரம் மட்டுமே பகல். இருட்டில் தீப்பந்தங்களோடு கூடுவார்கள், குழந்தைகள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், வெளிச்சம் திரும்ப வரப்போவதைக் கொண்டாடுவார்கள். வருடம் முழுவதும் பன்னிரண்டு மணி நேரம் வெயில் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பண்டிகையின் தேவை உடனே புலப்படாது. டிசம்பரில் அங்கே ஒரு வாரம் இருந்தவர்களிடம் கேளுங்கள்.

தோர்ரி விருந்தில் அழுகிய சுறா சாப்பிடுவார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். ஆனால் அது ஆசாட்ரூக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஜனவரி பிற்பகுதியில் தோர்ரி என்ற பழைய மாதம் பிறக்கும். அந்த மாதம் முழுவதும் ஐஸ்லாந்தின் ஊர் மன்றங்களும் அலுவலகங்களும் தோர்ரி விருந்து நடத்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவர்கள் புதுப்பித்த வழக்கம் இது. இப்போது காணும் உணவுத் தட்டு 1958இல் ரெய்க்யவிக் உணவகம் ஒன்றில் உருவாகிப் பரவியது. நொதிக்க வைத்துக் காற்றில் உலர்த்திய சுறா, தீயில் மயிர் பொசுக்கி வேகவைத்த ஆட்டுத் தலை, தயிரை வடித்த புளித்த நீரில் ஊறிய இறைச்சி, புகையிட்ட ஆட்டிறைச்சி, கருவாடு, ரை தானிய ரொட்டி எல்லாம் இருக்கும். கருவாட்டைப் பிய்த்து வெண்ணெய் தடவித் தின்பார்கள். உப்புப் பஞ்சமும் விறகுப் பஞ்சமும் இருந்த தீவில் குளிர்காலத்தைத் தாண்ட உதவிய உணவு இது. அருவருப்புக்குரிய பொருளாக அதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் அந்தப் பஞ்சத்தையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பண்டிகை இல்லாத நாட்களில் சமூகம் என்ன செய்கிறது?

ரெய்க்யவிக்கில் சனிக்கிழமை பிற்பகல்களில் சங்கத்தின் கதவு திறந்திருக்கும். காபி இருக்கும், பேச்சு இருக்கும். பாடல்களைச் சேர்ந்து படித்து விவாதிக்கும் வாசிப்புக் குழுவும் கைவினைக் குழுவும் உண்டு. தலைநகருக்கு வெளியே அந்தந்த வட்டாரத்துக் கோதிகள் சிறிய ப்ளோட்களை நடத்துகிறார்கள். பத்துப் பதினைந்து பேர் கூடும் அந்தச் சிறிய கூட்டங்களில்தான் யார் வீட்டில் நோய், யாருக்கு வேலை போயிற்று என்பதெல்லாம் தெரியவரும்.

விருந்தோம்பல் இங்கே பெரிய அறம். ஹாவமால் என்ற பழம்பாடல் ஓடினின் வாக்காகச் சொல்லப்படுவது. அது தொடங்கியவுடனே பேசுவது மோட்சத்தைப் பற்றி அல்ல, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றி. முழங்கால் விறைத்து உள்ளே வந்தவனுக்கு நெருப்பு வேண்டும், மலை கடந்து வந்தவனுக்குச் சோறும் துணியும் வேண்டும், கழுவத் தண்ணீரும் துடைக்கத் துண்டும் நல்ல வார்த்தையும் வேண்டும் என்கிறது. அளவுக்கு மீறிக் குடிக்காதே என்றும் அதே பாடல் பலமுறை எச்சரிக்கிறது.

பிறப்பு, திருமணம், இறப்புச் சடங்குகள் உண்டா?

உண்டு. குழந்தைக்குப் பெயர் சூட்டுகிறார்கள். ஐஸ்லாந்தில் பதினான்கு வயதை ஒட்டித் தேவாலய உறுதிப்பூசுதல் குடும்பத்தின் பெரிய விழா. ஆசாட்ரூ வீட்டுப் பிள்ளைகள் அதற்குப் பதிலாகச் சங்கத்தின் வகுப்புகளில் பாடல்களையும் அவற்றின் அறத்தையும் படித்து, அதன் பிறகு தங்களுக்குரிய விழாவைக் காண்கிறார்கள். வளர்ந்தவர்களும் விரும்பினால் இதைச் செய்துகொள்ளலாம். திருமணத்தில் மணமக்கள் உறுதிமொழி வளையத்தைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுப்பார்கள். கோதி நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும். ஒருபால் இணையருக்கும் நடத்தி வைக்கிறார்கள். ரெய்க்யவிக்கின் குஃபுநேஸ் கல்லறைத் தோட்டத்தில் சங்கத்துக்கென்று தனிப் பகுதி இருக்கிறது.

பெண்கள் பூசகராகலாமா?

ஆகலாம், இருக்கிறார்கள். 2002–03இல் யோனினா கிறிஸ்தின் பெர்க் தலைமைப் பொறுப்பையே வகித்தார்.

கோவில் இருக்கிறதா?

ரெய்க்யவிக்கின் ஒஸ்க்யூலீத் குன்றில் நகராட்சி நிலம் ஒதுக்கியது. 2015 மார்ச் 20 அன்று காலை, சூரியனைச் சந்திரன் ஏறக்குறைய முழுவதுமாக மறைத்த கிரகண வேளையில், நிலத்துக்குப் பூசை செய்து பணியைத் தொடங்கினார்கள். பாறையைக் குடைந்து, மேலே குவிமாடமாக எழும்பி, பருவத்துக்குப் பருவம் மாறும் சூரிய ஒளி உள்ளே விழும்படியான வடிவமைப்பு. அடுத்த ஆண்டே முடியும் என்று எதிர்பார்த்தார்கள். பணமும் பொறியியல் சிக்கல்களும் சேர்ந்து வேலையை ஆண்டுக்கணக்கில் இழுத்தன. அதனால் பண்டிகை எதுவும் நின்றுபோகவில்லை. வானத்தின் கீழ் நிற்கப் பழகியவர்கள் அவர்கள்.

இந்தச் சின்னங்களை இனவாதிகள் பயன்படுத்துகிறார்களே?

பயன்படுத்துகிறார்கள். நாஜிகள் தொடங்கி இன்றைய வெள்ளை இனவெறிக் குழுக்கள் வரை ரூன் எனும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளையும் தோரின் சுத்தியலையும் திருடிக்கொண்டார்கள். இரத்த வழியில் வந்தவர்களுக்கு மட்டுமே இந்தத் தெய்வங்கள் என்று சொல்லும் குழுக்கள் சில நாடுகளில் இருக்கின்றன. ஐஸ்லாந்துச் சங்கம் இதை வெளிப்படையாக மறுக்கிறது. இந்தச் சமயத்தை இனவெறிக்கோ இராணுவ வெறிக்கோ கேடயமாக்குவதை ஏற்பதில்லை. ஒருபால் திருமணத்தை ஆதரித்ததற்காக வெளிநாட்டிலிருந்து அதற்கு வசைக் கடிதங்கள் வந்தன, அப்போதும் நிலைப்பாட்டை மாற்றவில்லை. யாராவது இந்தத் தெய்வங்களின் பெயரால் வெறுப்புப் பேசினால், அந்தத் தெய்வங்களின் சொந்த மண்ணில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைக் காட்டுங்கள்.

தேவாலயத்தோடு பகையா?

தொடக்கத்தில் உரசல் இருந்தது. லூத்தரன் திருச்சபை இன்றும் அரசியலமைப்பின்படி நாட்டின் திருச்சபை. ஆயினும் பதிவு பெற்ற ஒவ்வொரு சமயச் சங்கத்துக்கும் அதில் உள்ள 16 வயது நிறைந்த உறுப்பினர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு பணம் தருகிறது. ஆசாட்ரூ சங்கமும் அதைப் பெறுகிறது. ஒரே குடும்பத்தில் பாட்டி தேவாலயத்துக்கும் பேத்தி ப்ளோட்டுக்கும் போவதுண்டு. சங்கம் மதமாற்றப் பிரசாரம் செய்வதில்லை.

நான் சேரலாமா? பார்வையாளராகப் போகலாமா?

உறுப்பினராவது ஐஸ்லாந்தின் மக்கள் பதிவேட்டின் வழியாக நடப்பது. ஆகவே அங்கே வசிப்பவர்களுக்கே அது பொருந்தும். பொது ப்ளோட்களுக்கு யாரும் போகலாம், எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. ஜூன் மாதம் திங்வெட்லிருக்குப் போகிறவர்கள் காற்றும் மழையும் தாங்கும் மேல்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கோடை என்ற பெயரை நம்ப வேண்டாம். ரெய்க்யவிக்கிலிருந்து காரில் முக்கால் மணி நேரப் பயணம். வட்டத்தில் இடம் பார்த்து நில்லுங்கள். பாடல் சொல்லும்போது பேசாதீர்கள், முகத்துக்கு அருகே கேமராவை நீட்டாதீர்கள். கொம்பு உங்களிடம் வந்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள். மது அருந்தாதவர் என்றால் உதட்டில் வைக்காமல் சிறிது மண்ணில் ஊற்றினால் போதும். உங்கள் மொழியிலேயே யாரையாவது நினைத்து ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.